தந்திர நெறியும் தீக்கையும்

திருச்சிற்றம்பலம்.



இத்திருவிழா நன்னாளில் தந்திர நெறியைப் பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம். தந்திரம் என்றவுடன் வசியம், ஏவல், மந்திரித்த தகடு என்று எண்ணி அஞ்சுவோர் உளர். தந்திரக்காரன் என்றால் சூழ்ச்சிக்காரன் என்பது உலக வழக்காகிவிட்டது. ஆனால் நம் சிவாகமங்களுக்கே தந்திரம் என்னும் பெயர் உண்டு. சிவபேதம் 10, உருத்திரபேதம் 18, ஆக 28 ஆகமங்கள் காமிகம் முதலாக வாதுளம் ஈறாக எண்ணப்பெறும். திருமூலர் தம் திருமந்திரத்தை ஒன்பது தந்திரங்களாக வகுத்ததும் நீங்கள் அறிந்ததே. தத்துவங்களையும் மந்திரங்களையும் விரித்துரைத்து உயிரைக் காப்பது என்பதே அச்சொல்லுக்கு ஆகமம் கூறும் பொருள். இத்திருவிழாவில் நீங்கள் கண்ட கொடியேற்றம், யாகசாலை, கும்ப பூசை, அபிடேகம் ஆகிய யாவும் அந்நெறியின் புறக்கோலங்களே.

அதன் அகம் யாது? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களாக ஆகமம் பேசுகின்றது. நான்கிற்கும் வாயில் தீக்கை. தீக்கை எதற்கு? நூலைக் கற்று உண்மையை உணர்ந்தால் போதாதோ எனின், ஆகம ஆசிரியர்கள் விடை கூறுவர். ஆணவ மலம் வெறும் தவறான எண்ணம் அன்று. அஃது ஒரு பொருள். கண்ணைப் புரை மறைப்பதுபோல் உயிரின் அறிவை மறைத்து நிற்பது. புரை இருக்கின்றது என்று தெரிந்துகொண்ட அளவில் புரை நீங்குமோ? மருத்துவன் கை வைத்தல் வேண்டும். அம்மருத்துவன் இறைவன், குருநாதர் அவன் திருக்கை. நோயையும் மருத்துவனையும் காட்டித் தருவது நூலறிவு, நீக்குவது அருள். நிருவாண தீக்கையில் மாணாக்கனின் குடுமி முதல் கால் பெருவிரல் வரை ஒரு நூல் தொங்கவிடப்பெறும். அதிலே நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியாதீதை என்னும் ஐந்து கலைகளையும் பாவித்து, முறையே சோதித்து, அறுத்து, வேள்வித் தீயில் இடுவார் குரு. 12ஆம் நூற்றாண்டில் விளங்கிய அகோரசிவாசாரியார் தம் கிரியாக்கிரமத்யோதிகையில் இம்முறைகளை ஒழுங்குற வகுத்துள்ளார்.

தீக்கை பெற்றவன் நாள்தோறும் செய்யும் பூசையும் இதன் தொடர்ச்சியே. பூதசுத்தியில் உடம்பை மண் முதல் வான் ஈறாக ஒடுக்கி, அமுதத்தால் நனைத்து, மந்திரங்களால் புதிய உடம்பு அமைத்து, நெஞ்சத் தாமரையில் பூசித்த பின்னரே புறத்தே மலரிடுதல் வேண்டும். நாம் இதனைப் பிறர்க்கு எடுத்துரைத்துக்கொண்டே, பயணக் காலங்களில் நம் பூசையை விரைவாக முடித்த நாள்கள் பல. நாவு ஓதும், நெஞ்சு அடுத்த ஊர்ப் பேருந்தை எண்ணும். அது பூசை அன்று என்று இச்சபையில் ஒப்புக்கொள்கின்றோம்.

இதனினும் பெரிய பிழை ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கோயிலில் இதே பொருளைப் பேசி முடித்தோம். ஒரு மூதாட்டி தூணைப் பற்றிக்கொண்டு வந்து, "சாமி, கண்ணிலே புரை விழுந்துபோச்சு. புத்தகம் தெரியலை, பூசை பண்ண உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியலை. எனக்கு வழி இல்லைதானா?" என்றார். நாமோ ஆறு அத்துவாக்களையும் முப்பத்தாறு தத்துவங்களையும் எடுத்து விளக்கினோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். திருநீறு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரவு படுக்கையில்தான் நமக்கு உறைத்தது. அவர் கேட்டதற்கு விடை ஆகமத்திலேயே இருக்கின்றது. நிருவாண தீக்கை சபீசம், நிர்ப்பீசம் என இருவகைப்படும். சபீசம், விதித்த நியமங்களைச் செய்ய வல்லார்க்கு உரியது. சிறுவர், முதியோர், நோயுற்றோர் முதலாகச் செய்ய மாட்டாதாரை நோக்கி, அந்நியமக் கடனையும் குருவே சோதித்து நீக்கி அருள்வது நிர்ப்பீசம். இயலாமை வீடுபேற்றுக்குத் தடையன்று. அன்பு ஒன்றே அவர்க்கு எஞ்சிய கடன். இத்துணைக் கருணையை ஏட்டில் வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கு நாம் எண்ணிக்கையைக் கொடுத்தனுப்பினோம்! மறு ஆண்டு அவ்வூர்த் திருவிழாவில் கூட்டம் முழுவதும் தேடினோம், அம்மையாரைக் காணவில்லை. அன்று முதல் எந்தச் சபையிலும் இதைச் சொல்லாமல் நாம் இறங்குவதில்லை.

ஆதலின், அன்பர்களே, வல்லவர்கள் நிர்ப்பீசத்தைச் சாக்காகக் கொண்டு சோம்புதல் கூடாது. கால் நாழிகையாயினும் நெஞ்சு நிற்கப் பூசை செய்யுங்கள். தீக்கை பெறாதார் தக்க குருவை நாடுங்கள். மாட்டாதவர்கள் கலங்க வேண்டா. இருந்த இடத்திலிருந்தே அவனை நினையுங்கள். வீட்டில் அத்தகைய முதியோர் இருப்பின், இன்றிரவே அவர் அருகில் அமர்ந்து இச்செய்தியைச் சொல்லுங்கள். நாம் சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லியதாக இருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.