உப்பிட்டு வளர்த்த பிள்ளைகள்

(கிளியனூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் திருநங்கையரைப் பற்றியது. சுயமரியாதைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லையா, ஜாதி ஒழிந்துவிட்டதா, அதற்குள் இவர்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஜாதி ஒழியாததனாலேதான் இதைப் பேசுகிறோம் என்பதே நமது பதிலாகும்.

ஜாதி என்பது என்ன? ஒருவன் பிறந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னமே, உன் இடம் இது, உன் தொழில் இது, இதை மீறினால் பாவம் என்று மற்றொருவன் எழுதி வைத்துவிடுவதுதானே! திருநங்கைக்கு நடப்பதும் இதுதான். மருத்துவச்சி பார்த்துச் சொன்ன ஒரு சொல்லே அவளுக்கு ஆயுள் முழுவதும் சட்டம். அவளுடைய அறிவும் மனமும் வேறு சொன்னால் அதற்கு மதிப்பில்லை. பிறப்பைக் கொண்டு மனிதனை இழிவுபடுத்தக்கூடாது என்று மேடையில் பேசிவிட்டு, வீட்டில் அதே பிறப்பைக் காட்டிப் பிள்ளையை அடிப்பது என்ன யோக்கியதை?

இங்கே வந்திருப்பவர்களில் மரக்காணம் உப்பளத்தில் பாடுபடுகிறவர்கள் பலர். பாத்தியில் உப்பு விளைவது வெயிலாலும், காற்றாலும், உங்கள் உழைப்பாலுமேயன்றி, வாருகிற கை ஆணுடையதா, பெண்ணுடையதா, திருநங்கையுடையதா என்று பார்த்தல்ல. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படி உப்பிட்டு வளர்த்த பிள்ளையை, நடை மாறிற்று, உடை மாறிற்று என்று தெருவில் தள்ளுகிற தாய் தகப்பனுக்கு எந்தப் பழமொழியைச் சொல்லுவது?

ஒருநாள் தாலி

நம் மதத்தில் இவர்களுக்கு இடமிருக்கிறதே, கூவாகம் இல்லையா என்று வைதீகர்கள் கேட்பார்கள். கூவாகம் நமக்கு அதிக தூரமில்லை; 2019 வரையில் நம் விழுப்புரம் ஜில்லாவிலேயே இருந்த ஊர். சித்திரைப் பௌர்ணமியில் அங்கே திருநங்கையர் கூத்தாண்டவர் பெயரால் தாலி கட்டிக்கொள்ளுகிறார்கள். மறுநாள் அரவான் பலியானான் என்று தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். அங்கே போகிறவர்களைப் பரிகசிக்க இதைச் சொல்லவில்லை. ஊர் ஊராக விரட்டப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டு சிரித்துப் பேச வருஷத்தில் ஓர் இடம் கிடைத்தால் போகாமல் என்ன செய்வார்கள்? ஆனால் அந்தப் புராணம் கொடுத்த பங்கு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். ஒரு ராத்திரி கலியாணம், விடிந்தால் விதவைக் கோலம்! இதற்குப் பெயர் கௌரவமா?

கடவுள் கொடுக்காததை மனிதர்கள்தான் போராடி வாங்கினார்கள். 2008 ஏப்ரலில் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் ஏற்பட்டது. 2014 ஏப்ரல் 15 ந் தேதி சுப்ரீம் கோர்ட், ஒருவர் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்பதைச் சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. தூத்துக்குடியில் ஒரு தோழர் ஒரு திருநங்கையை மணந்து பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ல் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவாள் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. புரோகிதனில்லாத நமது திருமணங்களும் 1967 ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில் செல்லாதவை என்றுதானே சொல்லப்பட்டன? அந்த அவமானம் இன்னதென்று அறிந்த நாம், மற்றொருவர் மணத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

இரட்டைப் பாரம்

திருநங்கையரிலும் எல்லோருக்கும் பாரம் ஒன்றல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த திருநங்கையை ஊரார் ஜாதிக்காக ஒரு தரமும், நடைக்காக ஒரு தரமும் தள்ளுகிறார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் இடம் பெற்ற முதல் திருநங்கையான தோழர் கிரேஸ் பானு அவர்கள் இதைத்தான் விடாமல் எடுத்துச் சொல்லி வருகிறார். 2015 ல் நம் சர்க்கார் திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. திருநங்கை என்பது ஒரு ஜாதியா? பறிபோன உரிமையில் ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றை விட்டுக்கொடு என்று கேட்பது நியாயமாகுமா? ஆதலால், ஒவ்வொரு வகுப்பின் இடஒதுக்கீட்டுக்கு உள்ளேயும் திருநங்கையருக்கென்று தனி இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கர்நாடகத்தில் 2021 ல் சர்க்கார் உத்தியோகங்களில் இவ்விதம் 100 க்கு 1 ஒதுக்கினார்கள். பாலை ஜாதியைப் போலப் பாவித்தது தவறு என்று 2024 ல் சென்னை ஹைகோர்ட்டும் சொல்லிற்று.

இந்த இரட்டைப் பாரம் நம் நாட்டில் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜாதியின் வேலையை நிறம் செய்கிறது. 1963 ஆகஸ்டு 28 ந் தேதி வாஷிங்டன் நகரில் கறுப்பர் உரிமைக்காக இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் பேசியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருங்கூட்டத்தை ஏற்பாடு செய்து நடத்திய பேயார்டு ரஸ்டினை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் ஆண்களை நேசித்த ஆண். அதற்காக வெள்ளையர் மாத்திரமா அவரை இகழ்ந்தார்கள்? சொந்த இயக்கத்தாரே கெட்ட பெயர் வருமென்று அவரைப் பின்னால் நிறுத்தினார்கள். 1987 ல் அவர் இறந்து, 2013 ல்தான் அந்நாட்டின் பெரிய விருது அவர் பெயருக்குக் கொடுக்கப்பட்டது.

1969 ஜூனில் நியூயார்க்கில் ஸ்டோன்வால் என்னும் மதுக்கடையில் போலீசார் புகுந்து அடித்தபோது எதிர்த்து நின்றவர்களில் மார்ஷா ஜான்சன் என்ற கறுப்பரும் ஒருவர். ஆணென்று பெயரிடப்பட்டு, பெண்ணுடையில் வாழ்ந்தவர். தமக்கே நிலையான வீடில்லாத அவர், சில்வியா ரிவேரா என்ற தோழியுடன் சேர்ந்து, பெற்றோர் துரத்திய பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்தார். நம் ஊர்த் திருநங்கையரும் இதைத்தானே செய்கிறார்கள்? பெற்றவள் கைவிட்ட பிள்ளையை மூத்த திருநங்கை மகள் என்று அழைத்துக்கொள்ளுகிறாள். பெற்றவர்கள் செய்ய வேண்டியதை அவள் செய்கிறாள்; ஊரோ அவளைப் பார்த்துக் கை கொட்டுகிறது.

ஆகவே, தோழர்களே! 1929 ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டம் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்த இயக்கம் நம்முடையது. அன்றும், இதெல்லாம் ஊருக்கு அடுக்குமா என்றுதான் கேட்டார்கள். இன்று உங்களிடம் கேட்பது பெரிய தியாகமல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளை தன்னைப் பற்றி உங்களிடம் சொன்னால், அடிக்க வேண்டாம். பேயோட்டவும் மந்திரிக்கவும் கொண்டுபோக வேண்டாம். பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். உப்பளத்திலோ கடையிலோ வேலை கேட்டு வந்தால் வேலை கொடுத்து, மற்றவருக்குள்ள கூலியையே கொடுங்கள். வேலையையும் வீட்டையும் மறுத்துவிட்டு, ஏன் பிச்சை எடுக்கிறாய் என்று கேட்க எவருக்கும் வாயில்லை.

மானமும் அறிவும் மனிதனுக்கு அழகு என்று சொல்லுகிற நாம், அந்த மானத்தை ஒருவருக்கு மறுத்துவிட்டு மற்றொருவருக்குக் கேட்க முடியாது.