தாயின் பதிவுப் புத்தகமும் ஸ்கேன் படமும்





நம் சங்கத்தின் பொன்விழா ஆண்டில், கர்ப்பகால ஸ்கேன் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம். வியாபாரிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிள்ளை சுமப்பவர் தாய். ஆனால் கிளினிக்குக்கு எப்போது போவது, யார் கூட்டிப் போவது என்பதைப் பல வீடுகளில் ஆண்கள்தானே முடிவு செய்கிறோம்!

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற காலத்தில் டிரஸரும் மருத்துவச்சியும்தான் துணை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தே மாதம் சொன்னார்கள். இரட்டைப் பிள்ளை என்பதே சில சமயம் பிரசவ நேரத்தில்தான் தெரிந்தது.

ஸ்கேன் தொழிற்சாலையிலிருந்து வந்த நுட்பம். உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியைக் கொண்டு கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்ட் ஆய்வு செய்தார். பொறியாளர் டாம் பிரவுன் துணை நின்றார். 1958இல் அவர்களுடைய கட்டுரை 'லான்செட்' இதழில் வந்தது. பாலிடெக்னிக்கில் பற்றவைப்புச் சோதனை படித்தவர்களுக்கு இது பழகிய முறைதான். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், எதிரொலித்துத் திரும்பி, படமாகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லை.

கரு கருப்பையில்தான் தங்கியிருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, ஒன்றா இரண்டா என்பதை முதல் ஸ்கேன் காட்டும். அதைவிட முக்கியம் நாள் கணக்கு. நம் வீடுகளில் ஒருவர் ரஜப், ஷஃபான் என்று எண்ணுவார்; இன்னொருவர் ஆங்கில மாதத்தில் எண்ணுவார். கர்ப்பக் கணக்கோ 280 நாள். முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் நீளத்தை அளந்தால் ஏறக்குறைய ஒரு வார வித்தியாசத்துக்குள் தேதி கிடைக்கும். கடைசி மாதங்களில் அளந்தால் அந்தத் துல்லியம் வராது. தேதி தவறினால், பிள்ளை சரியாக வளர்கிறதா, பிரசவ நாள் தாண்டிவிட்டதா என்பதெல்லாம் குழப்பமாகிவிடும். 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது.

நாம் முதலில் கேட்பதோ, "ஆணா, பெண்ணா?" இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதே குற்றம். பெண் பிள்ளைகள் கருவிலேயே அழிக்கப்பட்டதால் வந்த சட்டம் அது. பெண் மகவை உயிரோடு புதைத்த வழக்கத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது. "நலமா?" என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது. அழகான படம் கையில் இருக்கிறது என்பதற்காக இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தச்சோகைப் பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. தனியார் கிளினிக்கில் படம் எடுத்தாலும் அரசாங்க கிளினிக்கில் பதிவு செய்யுங்கள். அங்கே தரும் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் ஒட்டுவார்கள். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ஈப்போவில் நமக்கு ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை இருக்கிறது.

ஆகவே சகோதரர்களே, 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். கடையை அரை நாள் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே போங்கள். அந்தப் புத்தகத்தை நீங்களும் படியுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். அதற்காக வருகையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நலத்தை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.