துரத்துவாரில்லாத ஓட்டம்



இது திரௌபதை அம்மன் குடிகொண்ட பழுகாமத்தின் சித்திரைப் புத்தாண்டு விழா மேடை. இன்று காலை மரதன் ஓட்டத்தோடு விழா தொடங்கியது. வழிநெடுக வாளியோடும் குடத்தோடும் தாய்மார் நின்றீர்கள். ஓடி வந்த பிள்ளைகளின் தலையில் தண்ணீர் ஊற்றினீர்கள். "விடாத தம்பி, விடாத" என்று தொண்டை கட்டக் கத்தினீர்கள். வென்ற பிள்ளைகளுக்கு இன்னும் சற்று நேரத்தில் பரிசு கிடைக்கும். அவர்களை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் நான் பேச வந்தது அவர்களோடு அல்ல. வாளியோடு நின்ற தாய்மாரோடும், மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்த தகப்பன்மாரோடும், "எங்கட காலத்துல நாங்களும் ஓடினநாங்கதான்" என்று சொல்லிக்கொண்டு வேலியோரம் நின்ற அண்ணன்மாரோடும் பேச வந்திருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் ஏன் ஓடுவதில்லை?

இதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இரண்டு. முதலாவது, ஓட்டத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தோம். தை, மாசியில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். இல்லங்களைச் சோடிப்போம், கொடி கட்டுவோம், முதலாம் இரண்டாம் மூன்றாம் இடத்துக்காக மூச்சுப் பிடித்து ஓடுவோம். சாதாரண தரமும் உயர்தரமும் வந்தால் ஓட்டம் குறையும். பெண் பிள்ளைக்கு அதற்கும் முன்னரே நின்றுவிடும். பரிசுக்காக மட்டும் ஓடப் பழகியவர்கள், பரிசு இல்லாத இடத்தில் ஓட ஒரு நியாயமும் காண்பதில்லை.

இரண்டாவது காரணம் பாரமானது. அதை மேடையில் சொல்லாமல் விட்டால் நான் உங்களில் ஒருத்தியாக இருக்க முடியாது. எங்கள் தலைமுறை அதிகம் ஓடியது மைதானத்தில் அல்ல. யுத்தத்தில், 1990இல் ஓடினோம். 2007இன் தொடக்கத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரை முழுவதும் ஷெல் விழுந்த நாட்களில், இடுப்பில் பிள்ளையும் தலையில் அரிசிச் சாக்குமாக வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஓடினோம். ஓடும்போது திரும்பிப் பார்க்கப் பயந்தோம். கால்கள் எங்களுடையவையாக இருந்தாலும் எங்கே போவது, எப்போது நிற்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள். அப்படி ஓடிய ஒருவருக்கு, காலையில் எழுந்து சும்மா ஓடுவது விசர் வேலையாகத்தான் தெரியும்.

நான் விடியற்காலையில் ஓடும்போது படலையடியில் நிற்கும் ஒரு மச்சாள் கேட்பார்: "என்ன மச்சாள், ஆரும் துரத்துறாங்களா?" இல்லை மச்சாள், ஒருவரும் துரத்தவில்லை. அதுதான் இந்த ஓட்டத்தின் முதல் சந்தோசம். நானே புறப்படுகிறேன். எந்த வீதியால் போவது, எந்த மரத்தடியில் நடையாக மாற்றுவது, எந்த மதகடியில் திரும்புவது என்பதையெல்லாம் நானே தீர்மானிக்கிறேன். திரும்பி வரும்போது என் வீடு அதே இடத்தில் இருக்கிறது. இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

லோப்பஸ் லோமொங் என்றொரு மனிதரைப் பற்றிக் கேளுங்கள். தென் சூடானில் பிறந்தவர். ஆறு வயதில் ஆயுதக் குழுவினரால் கடத்தப்பட்டார். வேலியில் இருந்த ஓட்டை வழியாகத் தப்பி, மூத்த பையன்கள் சிலரோடு மூன்று நாள் ஓடிக் கென்யாவின் எல்லையை அடைந்தார். பத்து ஆண்டுகள் அகதி முகாமில் வளர்ந்தார். பிறகு அமெரிக்கக் குடும்பமொன்று அவரைத் தங்கள் வீட்டில் ஏற்றது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்காவின் கொடியை ஏந்தி நடந்தது அதே பையன்தான். ஓடுவதாலேயே உயிர் தப்பிய ஒருவர், அதே ஓட்டத்தைத் தன் விருப்பத்துக்கு உரியதாக ஆக்கிக்கொண்டார். அவரால் முடிந்தால் படுவான்கரையாலும் முடியும்.

சரி, அப்படி ஓடுவதில் என்ன சுகம் இருக்கிறது? உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். முதல் பத்து நிமிடத்தில் ஒரு சுகமும் இல்லை. மூச்சு இரைக்கும், கெண்டைக்கால் இறுகும், திரும்பிப் போய்ப் படுக்கலாமா என்று மனம் கேட்கும். அதைத் தாண்டினால் உடம்பு இளகும். எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது: படுவான்கரையில் ஓடுபவருக்குச் சூரியன் வாவியின் மேலால் எழும்பும். இரவெல்லாம் வலை போட்டவர்கள் தோணியைக் கரைக்குத் தள்ளி வருவார்கள். வேளாண்மை வெட்டுக் காலமென்றால் வைக்கோல் வாசம் வரும், மாரியில் சேற்று வாசம் வரும். கொக்குகள் வரம்பில் ஒற்றைக் காலில் நிற்கும். இந்த வீதியில் மோட்டார் சைக்கிளில் ஆயிரம் தடவை போயிருப்போம். ஓடும்போதுதான் அதன் மேடும் பள்ளமும் காலுக்குத் தெரியவரும்.

இது கூத்து வளர்ந்த மண். ஆகவே கூத்தை வைத்தே சொல்கிறேன். களரியில் முதல் வரவுக்கு ஆடும் புதிய கூத்தாடி தாளத்தைத் துரத்திக்கொண்டு திரிவார். மாதக்கணக்காக, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் பழகிய பிறகு, மத்தளத்தின் அடி காலுக்குள் இறங்கிவிடும். அதன்பின் விடிய விடிய ஆடுவார். ஓட்டமும் இப்படித்தான். சில வாரங்கள் பழகினால் மூன்று அடிக்கு ஒரு மூச்சு உள்ளே, மூன்று அடிக்கு ஒரு மூச்சு வெளியே என்று உடம்பு தானே ஒரு தாளக்கட்டில் விழும். அப்போது மனம் அமைதியாகும். முந்தின நாள் கடன்காரனோடு பட்ட சண்டையும், பிள்ளையின் பரீட்சைக் கவலையும் சிறுத்துப் போகும். இரவு நித்திரை தானாக வரும்.

உடம்புக்கு என்ன இலாபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இந்தக் கூட்டத்தில் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கைதூக்கச் சொன்னால் பாதிக் கூட்டமும் கைதூக்கும். ஓடும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கின்றன. தொடர்ந்து ஓடினால் இதயம் வலுத்து, ஒரே துடிப்பில் கூடுதல் இரத்தத்தை அனுப்பும். அதனால் சும்மா இருக்கும்போது குறைவாகத் துடித்தாலே போதும். டென்மார்க்கின் கொபன்ஹேகன் நகரில் 1976 முதல் ஆயிரக்கணக்கானோரைப் பின்தொடர்ந்த இதய ஆய்வு ஒன்று உண்டு. ஓடிப் பழகியவர்கள் ஓடாதவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததை 2012இல் அந்த ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதிகப் பயன் பெற்றவர்கள் வேகக்காரர்கள் அல்ல, வாரத்தில் ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் மெதுவாகவோ அளவாகவோ ஓடியவர்கள்.

"ஓடினால் முழங்கால் தேயும்" என்று சொல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 100க்கு 3.5 பேருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 100க்கு 10.2 பேருக்கு இருந்தது. உட்கார்ந்திருந்தாலும் மூட்டு தேயத்தான் செய்கிறது.

"எனக்கு வயது போய்விட்டது" என்பவர்கள் முல்லைத்தீவைப் பாருங்கள். அகிலத்திருநாயகி அம்மா 2023இல் தன் 72ஆவது வயதில் பிலிப்பைன்சுக்குப் போனார். மூத்தோருக்கான போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். விரைவு நடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம். அவர் யுத்தம் தின்ற மண்ணிலிருந்து போனவர். எங்களைப் போன்ற ஒருத்தி, எங்களைப் போலவே சேலை கட்டுகிற ஒருத்தி.

பஞ்சாபில் 1911இல் பிறந்த விவசாயி பௌஜா சிங் அவர்களைப் பாருங்கள். மனைவியை இழந்தார். பிறகு கண் முன்னே மகனையும் விபத்தில் இழந்தார். அந்தத் துயரத்தில் கரைந்துவிடாமலிருக்க, எண்பது வயதுக்கு மேல் இலண்டனில் ஓடத் தொடங்கினார். 89 வயதில் முதல் மரதன் ஓடினார். 2011இல் 100 வயதில் ரொறன்ரோ நகரில் 42.195 கிலோமீற்றரையும் ஓடி முடித்தார். 2025இல் மறைந்தபோது வயது 114. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். ஓட்டம் இழந்ததைத் திருப்பித் தராது. ஆனால் மறுநாள் காலையில் எழும்ப ஒரு காரணம் தரும்.

"சப்பாத்து வாங்க வசதியில்லை" என்பார்கள். 1960இல் ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஒலிம்பிக் மரதனை வென்றார். எங்கள் நாட்டிலேயே மலையகத் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்த குமார் சண்முகேஸ்வரன், 10,000 மீற்றர் ஓட்டத்தில் நாட்டின் முன்னணி வீரரானார். நல்ல சப்பாத்து இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மைதானத்துப் புல்லிலும் வாவிக்கரை மணலிலும் வெறுங்காலோடு ஓடலாம்.

"நாள் முழுக்க வயலில் மாயிறோம், பிறகேன் ஓட்டம்?" என்று ஒரு தாய் கேட்டால் அவர் கேள்விக்கு நான் தலை வணங்குவேன். அவருக்கு என் பதில் இதுதான்: வயலில் நீங்கள் குனிவது குடும்பத்துக்காக. அடுப்படியில் நிற்பது பிள்ளைகளுக்காக. ஒரு நாளில் உங்களுக்கென்று மட்டும் இருபது நிமிடம் உண்டா? அந்த இருபது நிமிடத்தை ஓட்டம் தரும். மற்றவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். சூடு மிதிப்பு இருந்த காலம் போய், உழவு இயந்திரமும் வெட்டு மெசினும் வந்துவிட்டன. கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். பாட்டன் பூட்டன் உடம்பு உழைத்த உழைப்பை இப்போது நாங்கள் வலிந்து தேடித்தான் கொடுக்க வேண்டும்.

தொடங்கும் முறை இலேசானது. வாரத்தில் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இருபது நிமிடம் இப்படி மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியும் அளவு வேகமே சரியான வேகம். வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். நெஞ்சு வருத்தம், பிரஷர், சீனி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏற முன் முடித்துவிடுங்கள். யானை நடமாடும் வயல்புறங்களுக்கு விடிய முன் ஒருவரும் போகாதீர்கள். நாய்க்கும் வாகனத்துக்கும் பயந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடுங்கள். அப்படிச் சேர்ந்து ஓடியவர்கள் பிறகு பிரிவதில்லை.

இனி ஊராரிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பெண் ஓடினால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது நிற்க வேண்டும். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகி, கிழவரும் இளைஞரும் சேர்ந்து கயிறு இழுத்த மண் இது. விளையாட்டு சிறுவர்க்கு மட்டும் உரியது என்று எங்கள் முன்னோர் நினைக்கவில்லை. கடல் கடந்து நியூ ஓர்லியன்சிலிருந்து வந்த வெபர் அடிகளார் மட்டக்களப்புப் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கினார், நகரின் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தோம். பிறத்தியார் எங்கள் பிள்ளைகள் ஓட வேண்டுமென்று பாடுபட்டார் என்றால், எங்கள் தாய்மாரும் ஓட வேண்டுமென்று நாங்கள் பாடுபடக் கூடாதா?

விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாரே, அடுத்த சித்திரைக்கு இன்னொரு ஓட்டத்தையும் சேருங்கள். அதில் இடம் வேண்டாம், கிண்ணம் வேண்டாம், நேரக் கணக்கு வேண்டாம். ஓடி முடித்த எல்லாருக்கும் ஒரு கோப்பை கஞ்சி போதும். பாடசாலை மைதானத்தைக் காலையிலும் மாலையிலும் தாய்மாருக்குத் திறந்துவிடும்படி அதிபர்மாரைக் கேட்போம். அண்ணன்மாரே, உங்கள் தங்கையோ மனைவியோ ஓடப் புறப்பட்டால் "வெட்கமில்லையா" என்று கேட்காதீர்கள். நீங்களும் ஒரு சோடிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே ஓடுங்கள்.

என் அன்பான உறவுகளே, பயத்தில் ஓடிய ஓட்டத்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவிட்டோம். விருப்பத்தில் ஓடும் ஓட்டத்தை அவர்கள் கண்ணால் காண வேண்டும். அதைக் காட்ட வேண்டியவர்கள் நாங்கள். விழாக் களைப்பு ஆறட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நாளைக் காலை சூரியன் எழும்ப முன் பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள். நான் அங்கே நிற்பேன். மெதுவாகவே ஓடுவோம், சேர்ந்தே ஓடுவோம்.