பனி ஏரியில் லோரி ஓட்ட

கனடாவின் யெல்லோநைஃப் நகருக்கு அப்பாலுள்ள சுரங்கங்களுக்கு 1982 முதல் ஆண்டுதோறும் குளிர்காலச் சாலை போடுகிறார்கள். பெரும்பகுதி உறைந்த ஏரிகளின் மேல்தான்.

அங்கே வேலைக்குச் சேர கனரக வாகன லைசென்ஸ் வேண்டும், குளிர்காலத்தில் ஓட்டிப் பழகியிருக்கவும் வேண்டும். ஆனால் வேகப்பிரியருக்கு அந்தச் சாலை ஒத்துவராது. சுமையேற்றிய லோரி ஏரியின்மீது மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏன் தெரியுமா? பாரத்தால் பனிக்கட்டி சற்றே வளைகிறது. அடியிலுள்ள நீரில் அலை எழுந்து லோரியோடு கூடவே ஓடுகிறது. வேகம் மிஞ்சினால் அந்த அலை கரையோரப் பனிக்கட்டியை உடைத்துவிடும். பின்னால் வருபவருக்கும் ஆபத்து. ஆகவே காவலர்கள் வேகத்தை அளக்கிறார்கள்; மீறியவரைச் சாலையிலிருந்து விலக்கிவிடுகிறார்கள்.

சம்பளத்தைப் பற்றித்தான் இளைஞர்கள் முதலில் கேட்கிறார்கள். சாலை திறந்திருப்பதோ ஏறத்தாழ இரண்டே மாதம். பிறகு அது மறுபடியும் ஏரிதான்.