மருத்துவர்க்கு வேண்டிய மொழி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டும் என்று நாம் பலகாலும் பேசியிருக்கிறோம். எத்தகைய மருத்துவராக வேண்டும் என்பதை இன்று பேச விழைகிறோம்.

1929 டிசம்பர் 12ஆம் நாளிட்ட 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. கத்தியவாரில், தீண்டப்படாதோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியது. அவர் மனைவி மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றார். மருத்துவர் அவர்தம் குடியிருப்புக்குள் வர மறுத்தார்; நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவியிடம் கொடுத்தார். திரும்பியதும் அவ்வழியே. நிமோனியா என்று கூறிச் சென்றவர் மீண்டும் வரவில்லை. அவ்வம்மையார் இறந்தார். அண்ணல் அம்பேத்கர் 'விசாவிற்காகக் காத்திருத்தல்' என்னும் தம் நினைவுக் குறிப்புகளில் இக்கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இன்று அந்த இடைவெளி முற்றும் ஒழிந்ததா? நம் ஊர் மூதாட்டி ஒருவர். கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி. நீரிழிவு கண்டு ஒரு மருத்துவமனைக்குச் சென்றார். அதன் பெயர் இங்கு வேண்டா. "மூன்று வேளையும் உணவுக்குப் பின்" என்றார் பயிற்சி மருத்துவர். "சரிங்க சாமி" என்று கும்பிட்டு வந்தார் மூதாட்டி. மறுமாதமும் சர்க்கரை குறையவில்லை. "மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா?" என்று கடிந்தார் அவ்விளைஞர். உடன் சென்றிருந்த நாம், வெளியே வந்ததும் காரணம் கேட்டோம். "நான் சோறு துன்றதே ரெண்டு வேளை வாத்தியாரய்யா. மூணாவது மாத்திரைக்குச் சோத்துக்கு எங்கே போவேன்?" என்றார். அதனை ஏன் சொல்லவில்லை என்றோம். "அவரு கேக்கலியே" என்றார்.

அன்பர்களே! அவ்விளைஞர் தீயவர் அல்லர். நோயைப் பற்றிப் படித்திருந்தார். நோயாளியிடம் பேசப் படிக்கவில்லை. அடுத்த முறை இருந்த பெண் மருத்துவர் மூதாட்டியை உட்காரச் சொன்னார். "பாட்டி, காலையில எத்தனை மணிக்கு வேலைக்குப் போவீங்க? என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். மருந்தை இரு வேளைக்கு மாற்றி அமைத்தார். இரண்டு கேள்விகள், அவ்வளவே. அடுத்தடுத்த மாதங்களில் சர்க்கரை குறைந்தது.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்னும் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் முடிவை வெளியிட்டனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் இடைமறித்தார் என்று கண்டனர். ஆனால் கேட்போர் முன் கைகட்டி நின்று பழகிய நம் மக்கள் இடைமறிக்கப்படும் முன்பே வாய் மூடிவிடுகின்றனர். எனவே இக்குறை நம்மையே மிகுதியாகத் தாக்குகிறது.

நற்செய்தியும் உண்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தொடர்பாற்றல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பகுதி சேர்க்கப்பட்டது. நோயாளியிடம் பேசுவதும் கற்றுத் தேற வேண்டிய கலையே என்பது ஏற்கப்பட்டுவிட்டது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010இல் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020இல் வந்தது. நம் பிள்ளைகளுக்கு வாயில் திறந்திருக்கிறது.

மருத்துவம் பயிலச் செல்லும் இளைஞர்களே! ஆங்கில நூல்களைக் கசடறக் கற்பீர். ஆனால் உங்கள் தாயின் பேச்சை விடுதி வாயிலில் விட்டுச் செல்லாதீர். "நெஞ்சு கரிக்குது", "கை காலெல்லாம் ஓயுது" என்று ஒருவர் சொன்னால், அதன் பொருள் அறிய உங்களுக்கு அகராதி வேண்டா. அஃது உங்கள் குறையன்று, உங்கள் செல்வம். நோயாளியை அமரச் செய்யுங்கள். பேசி முடிக்கும்வரை பொறுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவர். ஆதலால், "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயுற்றவரையே முதலில் வைத்தார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

உறுப்பினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படிக்கும் மாணவர்கள், மருத்துவமனை செல்லும் முதியோர்க்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்: நோய் என்று தொடங்கியது, இப்போது உண்ணும் மருந்து எது, கேட்க வேண்டிய ஐயம் யாது. படித்த பிள்ளை ஒருவர் உடன் செல்லட்டும். "சாமி" என்று கும்பிடும் நம் பெரியோர், "டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம்" என்று நிமிர்ந்து கேட்கப் பழகட்டும். அவ்வாறு கேட்க வைப்பதும் கல்விப் பணியே.

அன்று வெப்பமானி மூன்று கைகள் மாறிச் சென்றது. நாளை நம் பிள்ளையின் கை நோயாளியின் நாடியை நேரே தொடட்டும். அவர் செவி நோயாளியின் சொல்லை நேரே கேட்கட்டும்.

வளர்க நம் கல்விப் பணி!