முடிவு யார் கையில்?



நாடக அரங்கிலே நாயகன் தவறான வழியிற் செல்வதைக் காணும்போது, "ஐயோ, போகாதே!" என்று நம் நெஞ்சு பதறுகின்றது. ஆயினும், அவனைத் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. அவ்வாற்றல் பார்ப்பவர் கைக்கே வந்துவிட்டாற் கதை என்னவாகும்? 2010 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹெவி ரெயின்' என்னும் வீடியோ விளையாட்டு இவ்வினாவை எழுப்புகின்றது. பாரிஸ் நகரத்துக் குவான்டிக் டிரீம் நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 பொறிக்கென இதனை ஆக்கியது. எழுதி நெறிப்படுத்தியவர் டேவிட் கேஜ்.

கதை அமெரிக்க நகரமொன்றிலே நிகழ்கின்றது. ஈதன் மார்ஸ் ஒரு கட்டடக்கலைஞர். இரு புதல்வரின் தந்தை. தொடக்கத்தில் அவரைக்கொண்டு நாம் செய்விப்பவை வீட்டுக் காரியங்களே. உணவு மேசையில் தட்டுகளை மெதுவாக வைக்க வேண்டுமெனின், நம் கையிலுள்ள இயக்கியையும் மெதுவாகவே அசைத்தல் வேண்டும். இவ்வாறு அவர் கை நம் கையாகின்றது. பின்னர் மூத்தவன் விபத்தில் மாள்கின்றான். இளையவன் ஷோனைக் கொலைஞன் ஒருவன் கடத்திச் செல்கின்றான். மகன் இருக்கும் இடத்தை அறியத் தந்தை ஐந்து சோதனைகளுக்கு உட்படல் வேண்டும்.

அவற்றுள் ஒன்று, முன்பின் அறியாத ஒருவனைக் கொல்வது. அவன் போதைப்பொருள் விற்பவன். ஆனால், துப்பாக்கியின் முன்னே தன் பெண்மக்களின் படத்தைக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்கின்றான். அவனும் ஒரு தந்தையன்றோ! சுட்டால், மகன் இருக்கும் முகவரியின் ஒரு பகுதி கிடைக்கும். சுடாது விட்டால் அது கிடையாது. எது சரியென்று கூறப் புள்ளிகள் இல்லை. எவ்வழி சென்றாலும் கதை தொடர்கின்றது. முதன்மைப் பாத்திரம் ஒன்று மாண்டாலும், அவரின்றியே கதை மேற்செல்கின்றது.

குறை இல்லையா? உண்டு. சில இடங்களிற் பொத்தானை விரைந்து அழுத்தத் தவறினால் ஓர் உயிர் போகின்றது. அது விரலின் தவறேயன்றி நெஞ்சின் தவறன்று. மேலும், கிளைவழிகள் யாவற்றையும் ஆசிரியர் முன்னரே எழுதி வைத்துள்ளார். நாம் வழியைத் தெரிகின்றோமேயன்றி வழியை அமைப்பதில்லை. ஆயினும், ஈதனை அந்த இக்கட்டிலே நிறுத்தியவர் ஆசிரியர். சுடுவதா, விடுவதா என்று முடிவு செய்தவர் நாம். அப்பொறுப்பை ஆசிரியர் மேற் சுமத்திவிட முடியாது.

வகுப்பிலே இலக்கியம் கற்பிக்கும்போது, "நீ அவ்விடத்தில் இருந்திருந்தால் என் செய்வாய்?" என்று மாணவரைக் கேட்பது எம் வழக்கம். சொல்லால் விடையளித்தல் எளிது. இவ்விளையாட்டோ விடையைச் செய்து காட்டுமாறு கேட்கின்றது. கொடுமைக் காட்சிகள் மலிந்த இதனைச் சிறுவர் கையிற் கொடுத்தலாகாது. வளர்ந்தோர் ஆடி முடித்தபின், பொறியை அணைத்துவிட்டுச் சற்று நேரம் தம்மைத் தாமே வினவிக் கொள்வாராயின், ஒரு நல்ல நாடகம் செய்யும் பணியை இதுவும் செய்ததாகும்.