சுவத்துல சொருகின ஒரு கேபிள்

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: ஸ்விட்ச், ரவுட்டர் ரெண்டுமே லைட் மினுக்குற டப்பா, அப்புறம் எதுக்கு ரெண்டு? இதுக்கான பதிலை நான் புத்தகத்துல படிக்கலை. வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம், சம்பளம் போடுற அன்னைக்குக் கத்துக்கிட்டேன்.

சென்னையில சின்ன ஆபீஸ், நாற்பது பேர். ஐடி சப்போர்ட்னா நானும் என் சீனியரும்தான். காலைல பதினோரு மணிக்கு "நெட் வரலை"னு ஆரம்பிச்சாங்க. நான் ஓடிப்போய் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். திரும்பவும் பண்ணினேன். இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போட்டேன். பாவம், அவங்க லைன் நல்லாத்தான் இருந்துச்சு. சீனியர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "பிரிண்ட் வருதா?" வரலை. ஃபைல் சர்வரும் திறக்கலை, சம்பள ஃபைல் அதுக்குள்ளதான் இருக்கு. "அப்ப ரவுட்டரை விட்டுட்டு வா"ன்னார்.

ஏன் அப்படிச் சொன்னார்? உங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனை நினைச்சுக்குங்க. எந்த ஃப்ளாட்ல யார் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியும், காம்பவுண்டுக்குள்ள ஒருத்தர் இன்னொருத்தருக்குக் கொடுக்குறதைச் சரியான கதவுல சேர்த்துடுவார். ஸ்விட்ச் செய்யுறது அதுதான். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தயாரிக்கும்போதே மேக் அட்ரஸ்னு 48 பிட் நம்பர் ஒண்ணு கொடுத்துடுவாங்க. எந்த நம்பர் எந்த போர்ட்ல இருக்குன்னு ஸ்விட்ச் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியல் வெச்சுக்கும். அதுக்கு முன்னாடி இருந்த ஹப்புக்கு இந்த ஞாபகமே கிடையாது, வந்ததை எல்லாக் கதவுலயும் போட்டுடும். காம்பவுண்டைத் தாண்டி வெளியூர் போகணும்னாதான் ரவுட்டர். அது பார்க்குறது ஐபி அட்ரஸ். ஒரே நெட்வொர்க்ல இருக்குற பிரிண்டருக்கு அனுப்ப ரவுட்டர் தேவையே இல்லை. அதனால பிரிண்டும் வரலைன்னா கோளாறு உள்ளேதான். வீட்டு டப்பாவுல ரவுட்டர், குட்டி ஸ்விட்ச், வைஃபை மூணும் ஒண்ணா இருக்கறதாலதான் நமக்கு இவ்வளவு குழப்பம்.

ரேக் ரூமுக்குப் போனோம். ஸ்விட்ச்ல இருக்குற அத்தனை லைட்டும் ஒரே நேரத்துல, சீரியல் செட் மாதிரி படபடன்னு அடிக்குது. சாதாரண நாள்ல ஒவ்வொண்ணும் அது பாட்டுக்குத் தனித்தனியா மினுக்கும். சீனியர் பார்த்ததும் "லூப்"னு சொல்லிட்டார்.

இந்த இடம் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. ஒரு கம்ப்யூட்டருக்கு ஐபி அட்ரஸ் தெரியும், அது யாரோட மேக் அட்ரஸ்னு தெரியாது. அதனால "இந்த ஐபி யாருப்பா?"ன்னு எல்லாருக்கும் கேட்குற மாதிரி கத்தும். அது பேரு பிராட்காஸ்ட். வந்த போர்ட்டைத் தவிர மத்த எல்லா போர்ட்லயும் ஸ்விட்ச் அதை அனுப்பும். இப்ப ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல ஒண்ணுக்கு ரெண்டு கேபிள் இருந்தா? ஒண்ணுல போன சத்தம் இன்னொண்ணுல திரும்பி வரும். திரும்ப எல்லாருக்கும் போகும், திரும்ப வரும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுசு உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒரு எண் குறையும், பூஜ்யமானா செத்துடும். ஈதர்நெட்ல அந்த எண்ணே கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்குற வரைக்கும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். உண்மையான டேட்டாவுக்கு இடமே இருக்காது.

கேபிளை ஒண்ணொண்ணாப் பிடுங்கினோம். ஒன்பதாவதைப் பிடுங்கினதும் லைட் எல்லாம் அடங்கிடுச்சு. அந்தக் கேபிள் போனது கான்ஃபரன்ஸ் ரூமுக்கு. அங்கே மேஜைக்கு அடியில ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு. காலைல கூட்டிப் பெருக்க வந்த அக்கா, ஒரு கேபிள் முனை தொங்குதேன்னு சுவத்துல காலியா இருந்த சாக்கெட்ல சொருகிட்டாங்க. அந்தக் கேபிளோட மறுமுனை அதே குட்டி ஸ்விட்ச்ல இருந்துச்சு. அவ்வளவுதான்.

சம்பளம் மறுநாள்தான் போச்சு. மேனேஜர் எல்லார் முன்னாடியும் அந்த அக்காவைத் திட்டினார், சம்பளத்துல பிடிப்பேன்னார். நான் பேசாம நின்னேன்.

ஏன்னா, இதுக்கு 1985லயே மருந்து இருக்கு. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ல வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் கண்டுபிடிச்ச ஸ்பானிங் ட்ரீ. ஸ்விட்ச் அப்பப்ப ஒரு சின்ன செய்தி அனுப்பும், அது வேற வழியாத் தனக்கே திரும்பி வந்தா "இங்கே வட்டம் இருக்கு"ன்னு புரிஞ்சுக்கிட்டு ஒரு போர்ட்டை மூடிடும். எங்க பெரிய ஸ்விட்ச்ல அது இருந்துச்சு. பழைய முறையில கேபிள் போட்டதும் போர்ட் வேலை செய்ய 30 செகண்ட் ஆகும். "என்னப்பா இவ்வளவு லேட்டு"ன்னு நாலு பேர் கேட்டாங்கன்னு போன மாசம் அதை ஆஃப் பண்ணினது நான். தனித்தனி கம்ப்யூட்டர் இருக்குற போர்ட்டுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பை எடுக்க ஒரு செட்டிங் உண்டு, அது எனக்கு அப்ப தெரியாது.

பெரிய இடத்துலயும் இது நடந்திருக்கு. 2002 நவம்பர்ல பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையோட நெட்வொர்க், ஸ்பானிங் ட்ரீ தாங்குற எல்லையைத் தாண்டி வளர்ந்து போய் முடங்கிடுச்சு. நாள்கணக்குல பேப்பர்லதான் எழுதினாங்க. ஆனா அவங்க அதை மறைக்கலை, என்ன தப்பு நடந்துச்சுன்னு வெளியில விவரமாச் சொன்னாங்க.

நான் சொல்ல ஒரு ராத்திரி ஆச்சு. சீனியர்கிட்ட முதல்ல, அப்புறம் மேனேஜர்கிட்ட. அக்காவோட சம்பளத்துல கை வைக்கலை. ஆனா எல்லார் முன்னாடியும் திட்டினவர், தனியாக் கூப்பிட்டுதான் "சரிம்மா, போ"ன்னார். அன்னைக்கு சாயந்தரமே காலி சாக்கெட் எல்லாத்தையும் ஸ்விட்ச் பக்கத்துல கழட்டி விட்டோம், ஸ்பானிங் ட்ரீயையும் ஆன் பண்ணினோம்.

அடுத்த எபிசோட்ல டிஎன்எஸ். உங்க ஆபீஸ் ரேக்குல என்னென்ன டப்பா இருக்குன்னு அதுக்குள்ள ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. தொடாதீங்க, சும்மா பாருங்க.